"கரண்டு வைப்பது" என்றால் என்ன? தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை இன்று

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவதைப் பெரியவர்கள் இன்றும் "கரண்டு வைப்பது" என்றே சொல்கிறார்கள். என் பெரியம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் என்று உறுதியான வாரத்தில், வீடு தேடி வந்த உறவினர்கள் ஒவ்வொருவரும் முதலில் கேட்டது "கரண்டு வைக்கப் போறாங்களா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது. நாங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த காலத்தில் அடுத்த வீட்டுத் தாத்தா ஒருவர் தொண்டைப் புற்றுநோய்க்காக அந்தச் சிகிச்சையைப் பெற்றுத் திரும்பினார். நோய் போயிற்று, ஆனால் கழுத்துத் தோல் கறுத்து இறுகியது, வாயில் உமிழ்நீர் அடியோடு வற்றியது, கஞ்சியைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் அவர் வாசலுக்குக்கூட வந்து நான் பார்த்ததில்லை. ஊரின் அச்சம் அந்தப் போத்தலிலிருந்து வந்தது. அது பொய்யான அச்சம் அன்று; ஆனால் அது பழைய இயந்திரத்தைப் பற்றிய அச்சம். அதன் பிறகு இந்தச் சிகிச்சை எங்கே, எப்படி மாறியது என்பதை, பெரியம்மாவுடன் முப்பது நாளும் போய் வந்தபோது மருத்துவர்களிடமும் கதிர்வீச்சுப் பிரிவுப் பணியாளர்களிடமும் கேட்டும், பின்னர் படித்தும் நான் அறிந்த அளவில், முதன்முறையாகக் கேள்விப்படுகிறவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். இந்தச் சிகிச்சையில் உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. மின்சாரம் இயந்திரத்துக்கு வேண்டும், அவ்வளவுதான். லீனியர் ஆக்சலரேட்டர், சுருக்கமாக லினாக், என்று அழைக்கப்படும் அந்த இயந்திரம் எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கி, ஓர் உலோக இலக்கின்மேல் மோதச் செய்கிறது; அந்த மோதலில் ஆற்றல் மிகுந்த எக்ஸ்ரே கதிர்கள் பிறக்கின்றன. ஜெர்மானிய அறிவியலாளர் ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டு கண்டறிந்த அதே எக்ஸ்ரேதான் இது. கை முறிந்தால் படம் எடுப்பதற்குப் பயன்படுவதைவிட ஆற்றலில் பல மடங்கு கூடியது. கதிர் உயிரணுவுக்குள் புகும்போது அதன் மரபுப்பொருளான டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. அறுந்த இழையைத் திருத்திக்கொள்ளும் திறமை நல்ல உயிரணுவுக்கு அதிகம், புற்றணுவுக்குக் குறைவு. திருத்த முடியாத புற்றணு அடுத்த முறை பிளவுபட முயலும்போது மடிகிறது. விசையை நிறுத்திய கணத்திலேயே கதிரும் நின்றுவிடுகிறது, உடலில் எதுவும் தங்குவதில்லை. பெரியம்மா முதல் வாரம் முழுவதும் பேரப்பிள்ளையைத் தூக்கப் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று அங்கிருந்த பணியாளர் ஒருவர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் தூக்கினார்கள்.

கதிரின் அளவைக் கிரே என்ற அலகால் குறிக்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயை அறுவை இல்லாமல் கதிரால் மட்டுமே அழிக்க முற்படும்போது, ஏறத்தாழ 70 கிரே அளவை, வேளைக்கு 2 கிரே வீதம் 35 வேளைகளாகப் பிரித்து, வாரம் ஐந்து நாளாக ஏழு வாரங்களுக்குக் கொடுப்பது வழக்கமான முறை. அறுவைக்குப் பின் எஞ்சிய அணுக்களை ஒழிப்பதற்கு 60 முதல் 66 கிரே வரை போதுமானது. பெரியம்மாவுக்கு 60 கிரே, 30 வேளை. ஏன் ஒரே நாளில் கொடுத்து முடித்துவிடக்கூடாது என்ற கேள்வி எல்லாருக்கும் எழும். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு அதன் விடை எளிதில் புரியும். ஒரு நாளில் மெல்லிய சீவல் அளவே பட்டையை எடுக்கிறோம், மரம் தேறிக்கொள்ள இடைவெளி விடுகிறோம். ஒரே மூச்சில் ஆழமாக வெட்டினால் பால் கூடுதலாக வராது, மரம்தான் கெடும். இரண்டு வேளைகளுக்கு நடுவில் கிடைக்கும் அந்த ஒரு நாளில் நல்ல உயிரணுக்கள் தேறுகின்றன, புற்றணுக்கள் அதே அளவுக்குத் தேறுவதில்லை. முப்பது நாள் சேர்ந்தால் அந்தச் சிறு வேற்றுமை பெரும் வேற்றுமையாகிறது.

எந்த நோய்க்கு இது எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் முதலில் அறுவை, பிறகு தேவைப்பட்டால் கதிர். குரல்வளையில் தொடக்க நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட நோயைக் கதிரால் மட்டுமே குணப்படுத்திக் குரலையும் காக்க முடியும். மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தில் வரும் புற்றுநோய், நம் நாட்டில் சீனர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது, அறுவைக்கு எட்டாத மூலையில் இருப்பதால் அதற்குக் கதிரே முதன்மைச் சிகிச்சை. மலேசிய இந்தியர்களிடம், சிறப்பாகத் தோட்டப்புறப் பெண்களிடம், வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிடக் கூடுதலாக இருப்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டு எழுதிவரும் செய்தி. அதற்கு முதன்மைக் காரணம் வெற்றிலை பாக்கு. புகையிலை சேர்த்தால்தான் கெடுதல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெற்றிலையையும் வெறும் பாக்கையுமே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக 2004இல் உறுதி செய்திருக்கிறது.

பழைய முறையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கு நேர்ந்தது அதில்தான் இருக்கிறது. 1951இல் கனடாவில் கோபால்ட் இயந்திரத்தால் முதல் சிகிச்சைகள் அளிக்கப்பட்டன. 1953இல் லண்டனில் லினாக் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது. இயந்திரங்கள் வந்துவிட்டன, ஆனால் கதிரை எங்கே செலுத்துவது என்பதை அறிய அக்காலத்தில் தட்டையான எக்ஸ்ரே படங்கள் மட்டுமே இருந்தன. ஆகவே முகத்தின் இடப்புறமிருந்து ஒரு கற்றை, வலப்புறமிருந்து ஒரு கற்றை என்று எதிரெதிராகச் செலுத்தினார்கள். விலக்க வேண்டிய இடத்தை ஈயக் கட்டியால் ஓரளவு மறைத்தார்கள். இரு கற்றைகளுக்கும் இடையில் அகப்பட்டதெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு கதிரைப் பெற்றது. காதுக்கு முன்னும் கீழுமாக இரு புறமும் அமைந்திருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் அந்த வழியிலேயே இருந்தன. கட்டி போனது, அதோடு சுரப்பியும் போனது.

தலையும் கழுத்தும் உடலில் மிக நெருக்கடியான இடம். விரல்கடை தூரத்துக்குள் முதுகுத்தண்டு நரம்பும், பார்வை நரம்பும், விழுங்கும் தசைகளும், தாடை எலும்பும், குரல்வளையும், உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. முதுகுத்தண்டுக்கு 45, 50 கிரேக்கு மேல் போகக்கூடாது, அதன் அருகிலுள்ள கட்டிக்கோ 70 கிரே வேண்டும். நன்றாக வெட்டத் தெரிந்த தொழிலாளி பட்டைக்குள் பால் ஓடும் ஆழம் வரை கத்தியை இறக்குவார். அதற்குள் இருக்கும் மரத்தில் கீறல் விழ விடமாட்டார். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம், மறுநாள் மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் பேச்சு. கதிர்வீச்சுச் சிகிச்சையின் வளர்ச்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கைப்பக்குவத்தின் வளர்ச்சிதான். கட்டிக்குக் கொடுக்கும் 70 கிரே இத்தனை ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. கட்டிக்கு வெளியே சிந்தும் அளவுதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

முதல் திருப்பம் சி.டி. ஸ்கேன். கட்பிரே ஹவுன்ஸ்பீல்டு உருவாக்கிய அந்தக் கருவியால் 1971இல் முதல் நோயாளி படம் எடுக்கப்பட்டார். அதன்பின் கட்டியையும் அதைச் சுற்றியுள்ள உறுப்புகளையும் அடுக்கடுக்காக, முப்பரிமாணத்தில் கணினியில் வரைந்து பார்க்க முடிந்தது. அடுத்து, இயந்திரத்தில் கதிர் வெளிவரும் முனையில் பல மெல்லிய உலோகத் தகடுகள் வந்தன. அவை ஒவ்வொன்றும் தனித்தனியே நகர்ந்து, கற்றைக்குக் கட்டியின் உருவத்தைக் கொடுக்கின்றன.

இவ்விரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் ஐ.எம்.ஆர்.டி., அதாவது செறிவைக் கூட்டிக் குறைத்துச் செலுத்தும் கதிர்வீச்சு. புதிய முறைகள் அத்தனையிலும் நோயாளியின் அன்றாட வாழ்வை மிகுதியாக மாற்றியது இதுவே என்று நான் கருதுகிறேன். ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். முன்பு மருத்துவக் குழு முதலில் கற்றைகளை வைத்துப் பார்த்து, அதனால் எந்த உறுப்புக்கு எவ்வளவு கதிர் போய்ச் சேர்கிறது என்று பின்னர் கணக்கிடும். இந்த முறையில் கணக்கு தலைகீழாகச் செல்கிறது. கட்டிக்கு இவ்வளவு குறையக்கூடாது, முதுகுத்தண்டுக்கு இவ்வளவு மிஞ்சக்கூடாது, உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரேக்குள் நிற்க வேண்டும் என்று முதலில் விருப்பத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். அதை நிறைவேற்ற எத்தனை திசைகளிலிருந்து, ஒவ்வொரு கற்றையிலும் எந்தப் பகுதி கூடுதலாக, எந்தப் பகுதி குறைவாகச் செல்ல வேண்டும் என்பதைக் கணினி மீண்டும் மீண்டும் கணக்கிட்டுத் தேடுகிறது. ஒவ்வொரு கற்றையும் தனியாகப் பார்த்தால் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும். எல்லாம் கூடும் இடத்தில் கட்டியின் வடிவில் கதிர் நிறைந்து, சுரப்பியின் பக்கம் குழிந்து நிற்கும்.

இது கணினித் திரையில் மட்டும் தெரியும் அழகு இல்லை. பிரிட்டனில் 94 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் என்ற ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் பழைய முறையில் 74 விழுக்காட்டினருக்கு வாய் வறட்சி மிதமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தது, ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களில் அது 38 விழுக்காடு. இரண்டு ஆண்டு ஆனபோது அந்த இடைவெளி இன்னும் அகன்றது. உமிழ்நீர் என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். அது இல்லாமல் சோறு நாக்கில் ஒட்டும், பேச்சு குழறும், பல் சொத்தையாகும், இரவில் தூக்கம் பலமுறை கலையும். அடுத்த வீட்டுத் தாத்தாவின் கையிலிருந்த போத்தலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த 74க்கும் 38க்கும் இடையில் இருப்பது வெறும் எண்ணாகப் படவில்லை.

அதே வழியில் அடுத்த அடியும் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியை விலக்கியதுபோல் விழுங்கும் தசைகளையும் விலக்கித் திட்டமிட முடியுமா என்று 112 நோயாளிகளிடம் ஆராய்ந்த டார்ஸ் என்ற ஆய்வு 2023இல் வெளியானது. அப்படித் திட்டமிடப்பட்டவர்கள் ஓராண்டுக்குப் பின் உண்பதும் விழுங்குவதும் மற்றவர்களைவிட எளிதாக இருப்பதாகத் தெரிவித்தார்கள். இயந்திரம் நோயாளியைச் சுற்றி வில்லாகச் சுழன்றுகொண்டே கதிரைச் செலுத்தும் வி.மேட் முறையும் இப்போது பரவலாக இருக்கிறது. அதனால் மேசையில் அசையாமல் கிடக்கும் நேரம் சில நிமிடங்களாகக் குறைந்திருக்கிறது. உறுப்புகளின் எல்லையை மருத்துவர் ஸ்கேன் படங்களில் மணிக்கணக்காகக் கையால் வரைந்ததில் ஒரு பங்கைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் செய்யத் தொடங்கியுள்ளன. அவற்றின் கோடுகளை மருத்துவர் சரிபார்த்துத் திருத்திய பிறகே பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்ட பிறகு நோயாளி அசைந்துவிட்டால் எல்லாம் வீண். அதற்காகவே முகமூடி. வெந்நீரில் இட்டு இளக வைத்த பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் விரித்து அழுத்தினால், சில நிமிடங்களில் அது முகத்தின் அச்சாகவே இறுகிவிடும்; ஒவ்வொரு நாளும் அதை அணிவித்து மேசையோடு பிணைக்கிறார்கள். சூடு தாங்கும் அளவில்தான் இருக்கும், மூச்சு விடத் தடையில்லை. இருந்தாலும் மூடிய இடத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு இது சோதனைதான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முகமூடி செய்வதற்கு முன் தோடும் மூக்குத்தியும் கழற்ற வேண்டும். திருமணத்துக்குப் பிறகு ஒரு நாளும் மூக்குத்தியைக் கழற்றியிராத பெரியம்மாவுக்கு, அறுவையைவிட அந்தக் கணம் கடினமாக இருந்தது. கழற்றியதை என் கையில் கொடுத்து மூடச் சொன்னார்கள்.

மேசையில் படுத்த பிறகு, அதே இயந்திரம் ஒரு சிறிய ஸ்கேன் எடுத்துத் திட்டத்தோடு ஒப்பிடுகிறது. சில மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் மேசை நகர்ந்து சரிசெய்துகொள்கிறது. இதைப் படம் பார்த்துச் செலுத்தும் சிகிச்சை என்கிறார்கள். இந்தப் படங்களிலிருந்து இன்னொரு உண்மையும் தெரிய வந்தது. நோயாளி ஏழு வாரமும் ஒரே உருவில் இருப்பதில்லை. உடல் மெலிகிறது, கட்டி சுருங்குகிறது, உமிழ்நீர்ச் சுரப்பியும் சிறுத்துக் கதிரின் பக்கமாக நகர்கிறது, முகமூடி தளர்கிறது. மாற்றம் மிகுதியானால் இடையிலேயே புதிய ஸ்கேன் எடுத்துத் திட்டத்தை மாற்றி எழுதுவதுண்டு. எடை குறையாமல் பார்த்துக்கொள்வதும் கதிரின் குறி தவறாமல் காப்பதில் ஒரு பங்கு என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. "சாப்பிடுங்க" என்று தாதியர் திரும்பத் திரும்பச் சொன்னது வெறும் உபசாரம் இல்லை.

புரோட்டான் சிகிச்சையைப் பற்றி இப்போது பலரும் கேட்கிறார்கள். எக்ஸ்ரே உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறும். புரோட்டான் என்னும் துகள், தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் குறித்த ஆழத்தில் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946இல் இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். மூளையடிக்கு அருகிலுள்ள கட்டிகளுக்கும் சிறுவர்களுக்கும், முன்பே கதிர் பெற்ற இடத்தில் நோய் திரும்பியவர்களுக்கும் இது தனிப் பயன் தரக்கூடியது. சென்னையில் 2019 முதலும், பேங்காக்கில் 2021 முதலும், சிங்கப்பூரில் 2023 முதலும் இது கிடைக்கிறது. ஆனால் கையிருப்பையும் வீட்டையும் விற்று ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலான வாய், தொண்டைப் புற்றுநோயாளிகளுக்கு இல்லை என்பதே என் எண்ணம். நன்றாகத் திட்டமிட்ட ஐ.எம்.ஆர்.டி.யை, உரிய நேரத்தில் தொடங்கி, ஒரு வேளையும் விடாமல் முடிப்பது, புரோட்டானுக்காகப் பணம் திரட்டுவதில் இரண்டு மாதம் கழிப்பதைவிட மேல். புதியது எல்லாமே நல்லது என்றும் கொள்ள முடியாது: மனிதப் பாப்பிலோமா வைரசால் வரும் தொண்டைப் புற்றுநோய்க்கு, கடுமையான சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதிலாக மென்மையானது என்று கருதப்பட்ட செட்டுக்ஸிமாபைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018இல் வெளியாயின, இரண்டிலுமே புதிய மருந்து பெற்றவர்களின் உயிர்வாழ்வு குறைவாக இருந்தது.

அந்தச் சிஸ்பிளாட்டினைப் பற்றியும் ஒரு சொல். முற்றிய நோய்க்கு, கதிர் கொடுக்கும் நாள்களிலேயே இந்த மருந்தையும் நரம்பில் ஏற்றினால் கதிரின் தாக்கம் கூடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் எண்ணிக்கை நூற்றுக்கு ஆறு ஏழு பேர் கூடுகிறது. சிறுநீரகத்துக்கும் செவிக்கும் அது கெடுதல் செய்யக்கூடும் என்பதால் எல்லாருக்கும் கொடுப்பதில்லை; முதியவர்களுக்கு அதன் பயனும் குறைவு.

இனி நாள்களைப் பற்றி. நம்மைப் போன்று மருத்துவமனையிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்க்காரர்கள் முதலில் அறிய வேண்டியது இதுவே. சிகிச்சை தொடங்கிச் சில வாரம் ஆனதும், எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. டென்மார்க்கில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், அதே மொத்த அளவை வாரம் ஐந்து வேளைக்குப் பதில் ஆறு வேளையாகக் கொடுத்து ஒரு வாரம் முன்னதாக முடித்தார்கள். அந்த ஒரு வாரத்தால் நோய் அடங்கியவர்கள் 60 விழுக்காட்டிலிருந்து 70 ஆனார்கள். பன்னாட்டு அணுசக்தி முகமை ஆசிய, ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலும் இதையே செய்து பார்த்து, வசதி குறைந்த இடங்களிலும் பயன் உண்டு என்று 2010இல் காட்டியது. மறுபுறம் பார்த்தால், சிகிச்சை ஒவ்வொரு நாள் நீளும்போதும் நோய் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது. தைப்பூசத்துக்கு இரண்டு நாள், உறவில் ஒரு துக்கத்துக்கு ஒரு நாள், வண்டி கிடைக்காமல் ஒரு நாள் என்று விட்டால் அது கணக்கில் ஏறுகிறது. வேளை தவறினால் அதைச் சரிக்கட்டத் திட்டமிட முடியுமா என்று மறுநாளே கேட்க வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து ஈப்போவுக்கு நாள்தோறும் போய்வரலாம். பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டியிருந்தால் ஆறு, ஏழு வாரம் தங்க இடம் வேண்டும். நாள் சம்பளத்தில் இருக்கும் குடும்பத்துக்குச் சிகிச்சையைவிட இதுதான் மலையாக நிற்கிறது. அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகநலப் பணியாளர்கள் இருக்கிறார்கள். போக்குவரத்து, தங்குமிடம், உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றி அவர்களிடம் முதல் நாளிலேயே பேசுவது சரி. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சந்தா கட்டியவராக இருந்தால் அதையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்றாம் வாரம் வரை கேட்காமல் இருந்தோம், கூச்சத்தால்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைகிறது. பின்னாளில் அங்கே பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் நிலை வரலாம். ஆகவே கெட்ட பற்களை முன்பே எடுத்து, ஈறு ஆற நாள் கொடுத்துப் பிறகு தொடங்குகிறார்கள். பெரியம்மாவுக்கு நான்கு பற்கள் எடுத்தார்கள்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாயில் புண் வரும், சுவை மறையும், கழுத்துத் தோல் சிவக்கும். புதிய முறைகள் இதைக் குறைத்திருக்கின்றன, ஒழிக்கவில்லை. உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் அடிக்கடி கொப்பளிப்பது, மிளகாயும் புளியும் விலக்கிய மென்மையான உணவு, வலிமருந்தை உணவுக்கு முன் எடுத்துக்கொள்வது ஆகியவை அந்த நாள்களைக் கடத்தும். விழுங்கவே முடியாதவர்களுக்குச் சில வாரம் குழாய் வழியாக உணவு கொடுப்பார்கள். அதைத் தோல்வியாக எண்ணி மறுக்கக் கூடாது. புகைப்பவர்கள் நிறுத்தாவிட்டால் கதிரின் பயனே குறையும், வெற்றிலையும் அப்படியே வாயை விட்டு நீங்க வேண்டும். பெரியம்மா வெற்றிலைப் பெட்டியைத் தங்கையிடம் கொடுக்கவில்லை. குப்பையில் போடச் சொன்னார்கள்.

முடிந்த பிறகும் மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பி மெல்ல மெல்ல மந்தமாகலாம். ஆறு மாதத்துக்கு அல்லது ஓராண்டுக்கு ஒரு முறை அதற்கு இரத்தப் பரிசோதனை செய்தால் மாத்திரையிலேயே சரிசெய்யலாம். காரணமில்லாத சோர்வு, குளிர், எடை ஏறுதல் ஆகியவற்றை வயதின்மேல் போட்டுவிட வேண்டாம். தாடை இறுகாமலிருக்க வாயைத் திறந்து மூடும் பயிற்சியை நாள்தோறும் செய்ய வேண்டும். பத்து ஆண்டு கழித்துப் புதிய பல் மருத்துவரிடம் போனாலும், நாற்காலியில் உட்காருமுன் "எனக்குத் தாடையில் கதிர் வைத்திருக்கிறார்கள், 60 கிரே" என்று சொல்ல வேண்டும். பெரியம்மா அந்த வாக்கியத்தை மலாயிலும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்.